பலவேசத்தை விடுதளை செய்

இது நடந்தபோது செங்குளம்பேட்டையில் நாலாயிரம் பேர் இருந்தோம், நாலாயிரம் பேரும் கண்ணால் பார்த்தோம், அதனால் சாட்சி தேடி நீங்கள் அலைய வேண்டாம். கோர்ட்டில் வேண்டுமானால் இந்தச் சாட்சி பத்தாது என்பார்கள், கதைக்குப் பத்தும்.

பலவேசத்தைப் பிடித்துக்கொண்டு போனது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பீடிக்கடை வாசலில், நாங்கள் நூறு பெண்கள் வெறும் சுளவை, அதாவது பீடி சுற்றுகிற முறத்தை, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கும்போதே பிடித்தார்கள். அவன் செய்தது இவ்வளவுதான். நாள் முழுக்கக் குனிந்து நாங்கள் சுற்றிக்கொண்டு வருகிற பீடியில் கைநிறைய அள்ளி, இது கழிவு, இது சொத்தை என்று கடைக்காரர் ஓரமாகத் தள்ளுவார், தள்ளியதையும் பிறகு கட்டுக் கட்டி விற்றுவிடுவார். அந்தக் கழிவுக் கூடையைப் பலவேசம் தூக்கிக்கொண்டு வந்து நடுத்தெருவில் வைத்தான். "கழிவுன்னா ஒடச்சுப் போடும், அண்ணாச்சி. எங்க கண்ணு முன்னால ஒடச்சுப் போடும்" என்றான். கடைக்காரர் உடைக்கவில்லை. பதினேழு நாள் நாங்கள் ஒரு பீடி சுற்றவில்லை. பதினெட்டாவது நாள் ஜீப் வந்தது.

என்ன குற்றம் என்று கேட்டோம். குற்றமே இல்லை, இது தடுப்புக் காவல் என்றார் ஏட்டையா ஆவுடையப்பன். அவர் எங்கள் ஊர்க்காரர், அவர் வீட்டுக்காரி சண்முகக்கனியும் எங்களோடு பீடி சுற்றுகிறவள்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகவே விளக்கினார்.

"இனிமே செய்யப்போற குத்தத்துக்கு இப்பமே புடிச்சு வைக்கிறது. கோர்ட்டு கிடையாது, சாட்சி கிடையாது. மேல இருந்து உத்தரவு."

"அப்பம் இனிமே சாகப்போறவள இப்பமே கொண்டுபோய் எரிச்சிருவியளா?" என்று கேட்டாள் பேச்சியக்கா.

ஏட்டையா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பலவேசத்துக்கு இழுப்பு உண்டு. புகையிலைத் தூளிலேயே பிறந்து வளர்ந்த நெஞ்சு, மழை நாளில் துருத்தி மாதிரி ஊதும். அவன் பெஞ்சாதி உலகம்மாள் இரண்டு பஸ் மாறி அறுபது மைல் போய்ப் பெரிய ஜெயிலில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தாள். தரை கல், சுவர் கல், படுக்கிறது கல்மேல். ஐப்பசி மழை பிடித்தால் இந்த நெஞ்சு தாங்காது என்று ஜெயில் டாக்டரே சொன்னாராம். அங்கே இருந்த அதிகாரி ஒரு தாளை எடுத்துக் காட்டினாராம்: 'செய்தது தவறு, இனிமேல் செய்யமாட்டேன்' என்று இருக்கிறது, கீழே கையெழுத்து ஒன்று போட்டால் சாயங்காலப் பஸ்ஸில் புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்தே ஊர் போகலாம்.

"ஒன் வீட்டுக்காரவுக என்ன சொன்னாவ?" என்று கேட்டோம்.

"செஞ்சது என்னன்னு மொதல்ல எழுதுங்க, தப்பா சரியான்னு பெறவு பாப்போம்னு சொன்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல? சிரிச்சேன். அவுகளும் சிரிச்சாவ. சிரிச்சதுல இழுப்பு வந்துட்டு."

அவளுக்கு வேண்டியது இரண்டு. ஐப்பசிக்குள் அவன் வெளியே வரவேண்டும். கையெழுத்துப் போடாமல் வரவேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க அவள் தயாராக இல்லை.

ஊரில் பலவேசம் விடுதலைக் குழு என்று ஒன்று வைத்தோம். அம்பலவாணன் வக்கீல் ஒரு மனு எழுதித் தந்தார், ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் மேலே உள்ளவர்கள் பார்ப்பார்கள் என்றார். வீடு வீடாகப் போனோம். மோர் தந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், ஐயோ பாவம் என்றார்கள், கையெழுத்து என்றதும் ஒருத்தருக்குக் கண் தெரியவில்லை, ஒருத்தருக்கு மருமகன் சர்க்கார் வேலையில் இருந்தான். நாலாயிரம் பேரில் பதினொரு கையெழுத்து விழுந்தது. சுவரில் எழுதலாம் என்று பார்த்தால், சினிமாவுக்கும் தேர்தலுக்கும் ஊர்ச் சுவரெல்லாம் எழுதுகிற ஆளுக்கு அன்றைக்கென்று பார்த்து மணிக்கட்டு வலி வந்துவிட்டது.

அதனால் உலகம்மாளே எழுதினாள். பட்டப்பகலில், ஊர் சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்க்கிற நேரத்தில், சிரட்டையில் காவியைக் கரைத்து, தாழை விழுதை நசுக்கித் தூரிகையாக்கி, சந்தைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதினாள். நாங்கள் நாலு பேர் சேலையை விரித்து உலர்த்துகிற மாதிரி மறைத்துக்கொண்டு நின்றோம். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ் பலகையிலும் பீடிக்கட்டு லேபிளிலும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். வாயில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அந்தச் சத்தம் எந்த எழுத்தில் இருக்கிறது என்று யோசித்து, பிறகு கையை ஓங்கினாள். விடுதலை என்று சொல்லும்போது நம் நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் மெல்லத் தொடுமில்லையா, அவள் நாக்கு அந்த இடத்தில் கோபத்தில் மேலே மடிந்துகொள்ளும். மடிந்த நாக்குக்கு என்ன எழுத்தோ அதையே எழுதினாள்.

பலவேசத்தை விடுதளை செய்.

மறுநாள் காலையில் போலீஸார் சுண்ணாம்பு வாளியோடு வந்து அழித்தார்கள். கொக்கு மாதிரி வெள்ளையாக நின்றது சுவர். வெயில் ஏறி, முதல் பஸ் வந்து ஆட்கள் இறங்குகிற நேரத்துக்கு, ஈரத்துணியில் கறை ஊறித் தெரிவதுபோல முதலில் 'ப' தெரிந்தது, பிறகு 'ல' தெரிந்தது, பஸ் கிளம்புவதற்குள் முழுசும் வந்துவிட்டது. நேற்று இருந்ததைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது.

சுண்ணாம்பு ரெண்டாந்தரம் என்று முதலில் பேசிக்கொண்டோம். மறுநாள் முதல்தரச் சுண்ணாம்பில் இரண்டு கை அடித்தார்கள், அதுவும் ஊறி மேலே வந்தது. மூன்றாம் நாள் தார் பூசினார்கள். கறுப்புக்கு மேல் எழுத்து வெள்ளையாக வந்து இன்னும் பார்வையாக நின்றது. அதோடு அதைப்பற்றி ஆச்சரியப்படுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ஆச்சரியப்பட்டுக்கொண்டே எத்தனை நாள் இருக்க முடியும், உலை வைக்க வேண்டாமா? மோர்க்காரி பாலம்மை 'டு'வின் கீழே கடை போட்டாள். லாரிக்காரர்கள் "'செய்'க்கு எதிர்த்தாப்புல இறக்கும்வே" என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள். ஆடுகள் வந்து முதுகை உரசிவிட்டுப் போயின, உரசின ஆட்டின் விலாவில் பாதி எழுத்து தலைகீழாக ஒட்டியிருந்தது, அந்த ஆட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் இரண்டு நாள் கத்தியை எடுக்கவில்லை. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அதை ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். யாரோ ஒருத்தர் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்ததும் உலகம்மாளுக்குத்தான் கோபம் வந்தது.

"கும்பிட்டுட்டா சோலி முடிஞ்சுதுன்னு போயிருவாவ. கும்பிட வேண்டாம், வாசிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஞானசிகாமணி வாத்தியார் குடையும் சாக்கட்டியுமாகச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். முப்பது வருஷமாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விரல் முட்டியில் பிரம்பால் தட்டி, இந்த 'ல', அந்த 'ள' என்று பிரித்துக் காட்டியவர். பலவேசமே அவரிடம் அடி வாங்கிப் படித்தவன்தான்.

"பூதம் எழுதினா என்ன, பூலோகம் எழுதினா என்ன, பிழை பிழைதான்" என்று சொல்லிவிட்டு, 'ளை'யைக் குறுக்காக அடித்து மேலே 'லை' என்று அழகாக எழுதினார். எழுதி முடித்துக் குடையை எடுப்பதற்குள் அந்த 'லை' காய்ந்த சுண்ணாம்புச் சில்லாகப் பெயர்ந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. குனிந்து அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

ஆனி மாதம் ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்தார். வடக்கே எங்கோ உள்ளவர், நுனிநாக்கில் பேசுகிறவர். வந்த அன்றே சுவரை இடித்துவிடச் சொன்னார். இடித்தார்கள். இடித்த கல்லைச் சும்மா விடுவோமா? கல் என்ன பாவம் செய்தது? பேச்சியக்கா அடுப்புக்கு நாலு கல், பள்ளிவாசல் குளத்துப் படிக்குப் பத்துக் கல், மழையில் விழுந்த வீட்டுச் சுவருக்கு ஒரு வண்டிக் கல் என்று ஆளாளுக்குச் சுமந்துகொண்டு போனோம். பீடிக்கடைக்காரரும் தன் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு ஆள் விட்டு அள்ளிக்கொண்டார், போலீஸ் ஸ்டேஷன் மூத்திரச் சந்தில் விழுந்திருந்த சுவரையும் அந்தக் கல்லை வைத்தே எழுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து ஊரில் நூற்று நாற்பது இடத்தில் அந்த எழுத்து வந்துவிட்டது. பேச்சியக்கா அடுப்பில் பொடி எழுத்தாக, குளத்துப் படியில் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டு, வீடுகளில் நடுச்சுவரில். பீடிக்கடைக்காரர் சம்சாரம் அதன்மேல் காலண்டரை மாட்டினாள், ஆடி பிறந்து தாளைக் கிழித்தால் கீழ்த்தாளில் தேதிக்குப் பதில் அதுதான் இருந்தது. ஸ்டேஷன் மூத்திரச் சந்தில் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது, போலீஸ்காரர்கள் தினம் நாலு தரம் நின்று நிதானமாக வாசிக்கும்படி ஆயிற்று.

இதில் ஒன்று மாறியது. கையெழுத்துப் போடப் பயந்த வீடுகளிலும் இப்போது எழுத்து இருந்தது. விசாரிக்க வந்த ஏட்டையாவிடம், "நாங்களா எழுதினோம்? அதுவா வந்திருக்கு. வாசிக்கது குத்தமா, ஏட்டையா?" என்று கேட்டார்கள். குற்றம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் உரக்கவே வாசித்தார்கள். காலையில் வாசல் தெளிக்கும்போது ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம், பீடி சுற்றும்போது விரல் போகிற வேகத்துக்கு வாயும் போயிற்று. பயம் என்பது ஒரே நாளில் போகிற காய்ச்சல் இல்லை, வாசித்து வாசித்துத்தான் இறங்கியது.

இன்ஸ்பெக்டர் மாத்திரம் வாசகத்தை விட்டுவிட்டு அந்த ஒற்றை 'ளை'யையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிழை ஒண்ணு போதும் எனக்கு. ஊரையே உட்கார வைத்து எழுதச் சொல்வேன். எவன் 'ளை' போடுகிறானோ அவன்தான் ஆள். தூக்கிப் பலவேசத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுவேன்" என்றாராம். பொம்பளை எழுதியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எழுத்து அவ்வளவு தடியாக இருந்தது.

இதைச் சண்முகக்கனி வந்து சொன்னாள். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துத் தெடல்ல சொல்வதை எழுதுதல் வைக்கப் போறாவளாம். எங்க வீட்டுக்காரர் எரநூத்திப் பத்து பென்சிலுக்குச் சீட்டு எழுதிட்டு இருக்காரு."

அன்று மதியம் பேச்சியக்கா வீட்டு வேப்பமரத்தடியில் நாங்கள் கூடினோம். உலகம்மாளை உட்கார வைத்து, "ஏட்டி, 'லை' போட்டுக் காட்டு" என்றோம். சுளவில் இருந்த புகையிலைத் தூளைப் பரப்பி விரலால் எழுதினாள். 'ளை' வந்தது. "அது இல்லட்டி, மத்தது" என்றோம். மூச்சைப் பிடித்து எழுதினாள். ஆரம்பம் 'ல' மாதிரிதான் போயிற்று, முடிக்கிற இடத்தில் விரல் தானாகக் கீழே இறங்கி மடிந்தது. இருபது தரம் எழுதினாள், இருபதும் 'ளை'.

"என் கை வேற மாதிரி எழுதாதுக்கா" என்றாள். "நாளைக்கு நான் போயிருவேன். ஒருவகைக்கு நல்லதுதான், அவுகளுக்குத் தைலம் தேச்சு விடலாம்."

"ஆம்பிள ஜெயில்ல ஒன்ன எவன் விடுவான், கூறுகெட்டவளே" என்று பேச்சியக்கா அதட்டினாள். பிறகு அவள் மடியில் இருந்த சுளவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அறுபது வயசு வரைக்கும் ரேகை மாத்திரம் வைத்தவள். "அது எப்படிட்டி எழுதின? மொதல்ல சுழிக்கணுமா?" என்றாள்.

அவ்வளவுதான். யாரும் யோசனை சொல்லவில்லை, யாரும் சத்தியம் வாங்கவில்லை. அன்று சாயங்காலம் பீடி சுற்றுகிற தெரு எல்லாவற்றிலும் சுளவில் புகையிலைத் தூள் பரத்தி, எழுதத் தெரிந்தவர்கள் 'லை'யை மறக்கவும் தெரியாதவர்கள் 'ளை'யைப் பழகவும் உட்கார்ந்தார்கள். தூள் மூக்கில் ஏறி ஊரே தும்மியது. ஒரே ஒரு பயம் இருந்தது. ஞானசிகாமணி வாத்தியார். அவரிடம் போய் யார் சொல்வது? சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர், கையில் அடித்தாலும் தப்பாக எழுத வராதவர். அவர் 'லை' என்று எழுதி, இதுதான் சரி, மற்றதெல்லாம் வேண்டுமென்றே எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லாம் போச்சு.

காலையில் திடலில், போலீஸ் திரட்டிக் கூட்டிவந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தோம். தாள் தந்தார்கள், பாதிப் பென்சில் தந்தார்கள். எழுதி, கீழே பெயரும் தெருவும் போடவேண்டும், பெயர் எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். சொல்வதை எழுதுதலில் மூன்று தரம் சொல்லவேண்டும் என்பது பள்ளிக்கூட முறை.

"பலவேசத்தை விடுதலை செய்" என்றார்.

"செய்! செய்!" என்றது பின்வரிசை. பழக்கதோஷம்.

"வாயை மூடுங்கள். பலவேசத்தை விடுதலை செய்!"

"செய்! செய்!" இப்போது எல்லா வரிசையும்.

மூன்றாவது தரம் அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஒலிபெருக்கிதான் அவர் சொல்கேட்டு அடங்கவில்லை.

முன்வரிசையில் நாற்காலி போட்டு வாத்தியாரை உட்கார வைத்திருந்தார்கள். பென்சிலை வைத்தார், எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரே மூச்சில் எழுதி, பெயர் போட்டு, மடிக்காமல் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் பார்த்தார்.

"சார், நீங்களுமா?"

"ஏன், அதுதானே சரி?" என்றார் வாத்தியார். "முப்பது வருஷமா தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன். பிள்ளைகளை அடிச்சது வேற."

நானூற்றுப் பன்னிரண்டு தாளிலும் 'ளை'. ஏட்டையா ஆவுடையப்பன் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்து, "அய்யா, ஜீப்புல ஆறு பேர்தான் ஏறலாம்" என்றார். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரே குற்றவாளி, நடவடிக்கைக்கு உத்தரவு தரவும் என்று மேலே எழுதி, முத்திரை வைத்து, அத்தனை தாளையும் சாக்கில் கட்டி ஜில்லா ஆபீசுக்கு அனுப்பினார்.

அம்பலவாணன் வக்கீல் அதைக் கேட்டபோது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு எங்களிடம் ஓடி வந்தார். "ஏ, நாம பதினொண்ணு வாங்க முடியாம தவிச்சோம். நானூத்திப் பன்னெண்டு பேரு, பலவேசத்தை விடுன்னு தன் கைப்பட எழுதி, பேரு போட்டு, தெரு போட்டு, போலீசே முத்திரை வச்சு அனுப்பியிருக்கான். இதவிட மனு உலகத்துல உண்டுமா?" இந்த மாதிரி உள்ளே வைத்திருக்கிறவர்களைப் பற்றி உட்கார்ந்து பார்க்க மூன்று பெரிய மனிதர்கள் கொண்ட ஒரு குழு இருந்தது, அதன் முன்னால் போய் நின்றார். சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தால் அதன் எழுத்து மேஜைவிரிப்பில் ஊறியது, விரிப்பிலிருந்து அவர்கள் முன்னால் கிடந்த மற்றக் காகிதங்களில் ஊறியது. எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் அதுவே இருந்தால் மனிதன் எத்தனை நாள்தான் வேறு எதையாவது வாசிப்பது? புரட்டாசி கடைசியில், பலவேசத்தை விடலாம் என்று முடிவு எழுதிவிட்டார்கள்.

உத்தரவு ஜெயிலுக்குப் போயிற்று. ஜெயில் பெரிய அதிகாரி வாசித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏனென்றால் அதில் 'பலவேசத்தை உடனே விடுதளை செய்' என்று இருந்தது. இப்படி ஒரு சொல் கிடையாது, இல்லாத சொல்லை நான் எப்படி நிறைவேற்றுவேன் என்று கேட்டிருந்தார். திருத்தி அடித்து அனுப்பினார்கள். வழியில் தபால் பைக்குள்ளேயே எழுத்து மடிந்துகொண்டது. மறுபடி திருப்பினார். மூன்றாம் தரமும் அப்படியே. இதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது, மேற்கே மலை கறுத்துவிட்டது.

உலகம்மாள் எங்கள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "நான் எழுதின எழுத்தே அவுகளுக்குப் பூட்டாப் போச்சே" என்று ஒரு தரம்தான் சொன்னாள். பிறகு தைலக் குப்பியை மடியில் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் நாங்கள் நடந்தோம். பஸ்ஸில் ஏறக்கூடியவர்கள் பஸ்ஸில், மற்றவர்கள் கால்நடையில். ஞானசிகாமணி வாத்தியாரும் குடையோடு வந்தார்.

மூன்று நாள் ஜெயில் வாசலில் இருந்தோம். தூறல் விழுந்தது, சுவரோரம் ஒண்டிக்கொண்டோம், நாங்கள் முதுகு சாய்த்த இடமெல்லாம் ஜெயில் சுவரில் எழுத்து வந்தது. உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் உலகம்மாள் தலையைத் தூக்கினாள். இருமல் நின்றால் இன்னும் பயந்தாள். மூன்றாம் நாள் காலையில் அதிகாரியே கையில் உத்தரவோடு வாசலுக்கு வந்துவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், எழுத்து மாறினால் தன் வேலை போய்விடும் என்று நம்புகிறவர். கையில் பேனாவை நீட்டினார்.

"யாரால் இந்த எழுத்து கெட்டதோ அவர்கள் கையால் திருத்தினால்தான் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. திருத்துகிறவர் திருத்தட்டும். ஆளை விட்டுவிடுகிறேன். திருத்தின கையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வேன், அது சட்டம்."

உலகம்மாள் ஒரு அடி முன்னால் வைத்தாள். குறுக்கே வாத்தியாரின் குடை வந்தது.

"எதைத் திருத்தணும்?" என்றார் வாத்தியார். "தளைன்னா விலங்கு. விடுதளை, வினைத்தொகை. விட்ட தளை, விடுகிற தளை, விடும் தளை. மூணு காலமும் உள்ள இருக்கு. வினைத்தொகையில ஒற்று மிகாது, அதனாலதான் 'விடுத்தளை'ன்னு வரல. இவ்வளவு சுத்தமா இலக்கணம் தெரிஞ்ச சுவரு எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"அது சரி, 'விடும் தளை செய்' என்றால் என்ன பொருள்? புதுசா விலங்கு செய்யச் சொல்லுதா?" என்று அதிகாரி பிடித்துக்கொண்டார். அவரும் நாலெழுத்துப் படித்தவர். வாத்தியாரின் இலக்கணம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"அய்யா" என்றாள் உலகம்மாள். குடையை ஒதுக்கிவிட்டு வந்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் காதால கேட்டுத்தான் எழுதப் படிச்சவ. நீங்க அந்தக் காயிதத்த ஒரு தரம் வாய்விட்டு வாசிங்க. பிழைன்னு ஒங்க வாய்க்குத் தெரிஞ்சா நான் உள்ள வந்துருதேன்."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். மழைக்கு ஊடே நானூறு முகம். கனைத்துக்கொண்டார். உத்தரவை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கவனித்து, அந்த எழுத்து எவ்வளவு தப்பு என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஓங்கி வாசித்தார்:

"பலவேசத்தை உடனே விடுதளை செய்!"

பெரிய கதவின் காவலாளி இருபத்தாறு வருஷமாகக் காதில் விழுகிற உத்தரவுக்குக் கை நீட்டுகிறவன். எழுத்து எப்படி இருந்தது என்று அவனுக்கு ஒரு நாளும் யாரும் காட்டியதில்லை. "சரி, அய்யா!" என்று குதிகாலைத் தட்டிவிட்டு, உள்ளே பார்த்து அதையே திருப்பிச் சொன்னான். உள்வாசல்காரன் அதற்கு உள்ளே இருந்தவனுக்குச் சொன்னான். அப்படியே கல்லுக்குக் கல் அந்தச் சொல் உள்ளே போவதை நாங்கள் வெளியே நின்று கேட்டோம், கூடவே ஒவ்வொரு தாழ்ப்பாளாக விழுகிற சத்தமும் கேட்டது. அதிகாரி "நில், நில், நான் வாசிக்கத்தான் வாசித்தேன்" என்றார். அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

பலவேசம் வந்தான். பாதியாக இருந்தான். எலும்புமேல் சட்டை தொங்கியது, மூச்சு இரைந்தது. வாசல் மேஜையில் ஒரு குமாஸ்தா புத்தகத்தை விரித்து, "உன் செருப்பு, உன் துண்டு, பெற்றுக்கொண்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றான்.

"போடமாட்டேன்" என்றான் பலவேசம்.

"ஏய், இது மன்னிப்புக் கடுதாசி இல்லப்பா. செருப்புக் கணக்கு."

"எதுவா இருந்தாலும் சரி. இந்த வீட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். செருப்ப நீயே போட்டுக்கோ."

வெறுங்காலோடு சேற்றில் இறங்கினான். உலகம்மாள் அவன் நெஞ்சில் கையை வைத்து, மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தாள். அழவில்லை. அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு ஜெயில் சுவரின் வெளிப்பக்கத்தைப் பார்த்தான். ஆள் உயரத்துக்கு, வாசலிலிருந்து மூலைவரைக்கும், மழையில் கரையாமல் நின்றது எழுத்து. வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்தவன் இல்லையா, உதடு அசைய ஒரு தரம் வாசித்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினான்.

"ஏட்டி, இதுல ஒரு எழுத்துப் பிழையா இருக்கே?"

உலகம்மாள் குப்பியைத் திறந்து உள்ளங்கையில் தைலத்தை ஊற்றினாள்.

"வெளிய வந்துட்டியள்லா? பெறவு என்ன பிழை? சட்டையக் கழத்துங்க" என்றாள்.